நூறு ராத்திரிக்கு டை கிடையாது

மிலியாகெரே தலைக்குச் சாயம் பூசுகிற விஷயம் நவைலேவு ஊரில் ஒருவருக்கும் தெரியாது. இது போன வருஷம் வரைக்கும் மிலியாகெரேவின் கணக்கு. உண்மையில் ஊரில் பன்றிகளைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரியும். அறுபத்தொரு வயதில், வட்டமாக வெட்டி மேலே தூக்கிச் சீவிய அந்த முடி, கடையில் அன்றைக்குத்தான் வாங்கி வந்த இரும்புச் சட்டி மாதிரி கன்னங்கரேல் என்று இருந்தால் யார்தான் நம்புவார்கள்? பார்க்கிறவர்கள் ஒரு தடவை பார்த்துவிட்டு, மழை வரும் போலிருக்கிறதே என்று கடல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அவ்வளவுதான். எங்கள் தீவில் அடுத்தவர் தலை விஷயம் அப்படி. தொடக்கூடாது, அதைப் பற்றி முகத்துக்கு நேரே பேசவும் கூடாது. ஒருத்தர் தலைக்கு மேலே ஆணியில் தொங்குகிற கூடையை எடுக்க வேண்டுமென்றால்கூட மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கையை நீட்ட வேண்டும்.

இந்தச் சட்டமெல்லாம் முறைக்காரர்களுக்குக் கிடையாது. மாமன் மகள், அத்தை மகள் என்றால் தலையைத் தொடலாம், இழுக்கலாம், ஊர் நடுவில் வைத்து மானத்தை வாங்கலாம். வாங்கப்பட்டவர்கள் சிரித்தே ஆக வேண்டும். மிலியாகெரேவுக்கு அப்படி ஒருத்தி உண்டு, அதே ஊரில் வாழ்க்கைப்பட்ட அவளுடைய மாமன் மகள் டோரிகா. மாதம் ஒரு முறை பாய் முடைகிறோம் என்று சொல்லிக்கொண்டு இரண்டு பேரும் டோரிகாவின் அடுக்களைக் குடிசைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். இத்தனை வருஷத்தில் அங்கிருந்து ஒரு பாய்கூட வெளியே வந்ததில்லை. மிலியாகெரேதான் மேலும் மேலும் கறுத்து வெளியே வருவாள்.

இந்தப் பாடெல்லாம் ஒரே ஒரு வாய்க்குப் பயந்துதான். அது மாமியார் இலிசபெதியின் வாய். அவள் மகன் சாகியுசா தலைநகரம் சுவாவிலிருந்து மிலியாகெரேவைக் கட்டிக்கொண்டு வந்தபோது அவனுக்கு முப்பத்தொன்று, அவளுக்கு முப்பத்தெட்டு. நெற்றிக்கு மேலே நாலைந்து வெள்ளி இழைகள். அவ்வளவு போதும் கிழவிக்கு. வெள்ளைப் பந்து மாதிரி நரைத்த தலையோடு பாயின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள், கூடியிருந்த பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள்: "எனக்கு ஒரு மருமகளக் கொண்டு வருவான்னு பாத்தேன். எம்புள்ள எனக்கு ஒரு தங்கச்சியக் கொண்டு வந்திருக்கான்."

சிரித்தார்கள். மிலியாகெரேவும் சிரித்தாள், வேறென்ன செய்வது. அடுத்த கப்பலில் சுவாவுக்குப் போய் முதல் புட்டியை வாங்கினாள். அதற்கப்புறம் அந்தக் கிழவி கண்ணில் ஒரு வெள்ளை முடிகூடக் காட்டியதில்லை.

கறுப்புக்கு விலை உண்டு. கல்யாணமோ கருமாதியோ, எங்கள் ஊர் விருந்தில் வெள்ளைத் தலைகள் பாயில் உட்காரும், கறுப்புத் தலைகள் அடுக்களையில் வேகும். யாருக்கு என்ன வயது என்று யாரும் கேட்பதில்லை. வெளியூரிலிருந்து வந்தவர்கள் தலையைத்தான் பார்ப்பார்கள். அப்படித்தான் அறுபதைத் தாண்டிய மிலியாகெரே இருபது வயதுப் பெண்களோடு குந்தித் தேங்காய் துருவினாள், பன்றிக்கொழுப்பு ஒட்டிய அண்டாக்களைக் கடற்கரை மணலைப் போட்டுத் தேய்த்தாள். அவளைவிட ஏழெட்டு வயது சின்னவளான வசெமாதா, நாற்பதிலேயே நரைத்த புண்ணியவதி, பாயின் தலைமாட்டிலிருந்து விசிறியை ஆட்டிக்கொண்டே, "ஏ பொண்ணே, கீரைக் குழம்பு இன்னொரு கிண்ணம் கொண்டா" என்பாள். மிலியாகெரே கொண்டுபோய்க் கொடுப்பாள். தலை எழுத்து, அதுவும் சொந்தக் காசில் எழுதிக்கொண்டது.

ஆனால் அந்த அடுக்களைக்கு சாகியுசா வருவான். மற்ற ஆண்கள் மயக்கம் தரும் கவா வேர்ச்சாற்றுச் சட்டியைச் சுற்றி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது இவன் மட்டும் எழுந்து வந்து, அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து கையை விட்டு வெந்த மீனைக் கிள்ளுவான். அவள் அகப்பையால் ஒரு போடு போடுவாள். அவன் ஏதாவது ஆபாசமாகச் சொல்வான். இளம்பெண்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். சோம்பேறி, வாயாடி, கவா குடித்தால் விடியும்வரை வீடு திரும்பாதவன். இருந்தாலும் அவளைக் கட்டிய நாளிலிருந்து ஒரு நாளும் அவளோடு சண்டை போடாமல் தூங்கியதில்லை. மிலியாகெரேவுக்கு அது போதும். அதற்காக எத்தனை அண்டா வேண்டுமானாலும் தேய்ப்பாள்.

போன வருஷம் இலிசபெதி செத்துப்போனாள். எண்பத்துநாலு வயது. கடைசி மூச்சு வரைக்கும் அந்த வாய் ஓயவில்லை.

அடக்கமெல்லாம் ஆகி நான்காம் நாள் சாயங்காலம் குலமே கூடியது. செத்தவர்களுக்காக நூறு ராத்திரி எதையாவது விட்டுவிடுவது எங்கள் வழக்கம். எதை விடுகிறோம் என்று பெரியவர் முன்னால் சொல்ல வேண்டும். அவர் உள்ளங்கை குவித்துத் தட்டி ஏற்றுக்கொண்டால் அவ்வளவுதான், நூறாவது நாள் அவர் வாயால் அவிழ்க்கிறவரை மீற முடியாது. மீறினால் செத்தவளின் முகத்தில் துப்பியதாகும். பெரியவர் எபராமா, சாகியுசாவின் சித்தப்பா. ஒரு காது சுத்தமாகக் கேட்காது, இன்னொன்று அவருக்கு வேண்டியதைக் கேட்கும்.

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். சாகியுசா கவாவை விட்டான். கூட்டமே ஆவென்று பார்த்தது. அவனுடைய பெரியப்பா மகன் காலிவாதி சர்க்கரையை விட்டான். லெவுகா ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆறு மாதம் முன்பே விடச் சொல்லிவிட்டார் என்பதை அவன் சொல்லவில்லை. ஒருத்தன் தோட்ட வேலையை விடுகிறேன் என்றான். அவன் அதை எப்போது பிடித்தான் என்று யாருக்கும் நினைவில்லை. மிலியாகெரேவின் முறை வந்தது. தேநீரை விடலாமென்று முடிவு செய்துகொண்டு வந்திருந்தாள். அவள் தொண்டையைச் செருமுவதற்குள் பின்வரிசையிலிருந்து டோரிகா, பக்கத்தில் இருந்த நாலு பேருக்கு மட்டும் கேட்கட்டும் என்று சொன்னாள்: "எங்க மதினி டையை விடுறாங்க."

பெண்கள் வரிசை முழுக்கக் குலுங்கியது. துக்க வீட்டில் சிரிப்பு வந்தால் அடக்குவது லேசில்லை. எபராமா கேட்கிற காதைத் திருப்பி என்ன, என்ன என்றார். யாரும் வாயைத் திறக்கவில்லை. போதகரின் மனைவி மட்டும், பொய் சொல்லத் தெரியாத உத்தமி, எழுந்து நின்று தெளிவாக விளக்கினாள்: மிலியாகெரே தலைக்கு அடிக்கிற டையை நூறு ராத்திரிக்கு விடுகிறாளாம்.

பெரியவர் சிரிக்கவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் காலத்தில் செத்தவர்களுக்காகப் பெண்கள் முடியையே அறுத்துப் போட்டார்கள், இன்றைக்கு எவள் செய்கிறாள், நம் மருமகள் தன் தலையின் கறுப்பையே கழற்றி மாமியார் காலடியில் வைத்துவிட்டாள் என்று நீளமாகப் பேசிவிட்டு, உள்ளங்கை குவித்து ஆழமாக மூன்று தட்டுத் தட்டினார். ஆண்கள் எல்லோரும் சேர்ந்து தட்டினார்கள். சாகியுசா தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மிலியாகெரேவுக்கு அங்கேயே பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது, ஆனால் அங்கே ஏற்கெனவே மாமியார் இறங்கியிருந்தாள்.

வெளியே வந்ததும் டோரிகாவைப் பிடித்துக்கொண்டாள். டோரிகா கொஞ்சமும் அசரவில்லை. வேடிக்கைக்குச் சொன்னது இப்படி ஆகும் என்று தனக்குத் தெரியுமா என்றாள். "அப்புறம் மதினி, விடுறதுக்கு உங்கிட்ட வேற என்னதான் இருக்கு, சொல்லு" என்றாள்.

முதல் மாதம் அலங்கோலம். அடியில் வெள்ளையும் மேலே கறுப்புமாக, நெருப்பை மறந்துபோன அடுப்பு மாதிரி இருந்தது தலை. இரண்டாம் மாதம் டோரிகா கத்தரியை எடுத்துக்கொண்டு வந்து நுனிக் கறுப்பையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கித் தள்ளினாள். மூன்றாம் மாதம் மிலியாகெரேவின் தலையில் குட்டையாக, அடர்த்தியாக, ஒரு கறுப்பும் கலக்காத வெள்ளை நின்றது. கண்ணாடியில் பார்த்தாள். அசிங்கமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அழகாகத்தான் இருந்தது, அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

அப்புறம் நடந்ததையெல்லாம் அவள் வெட்கமில்லாமல் ரசித்தாள் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. கப்பலில் ஒரு போலீஸ்காரர் எழுந்து இடம் கொடுத்தார். பக்கத்து ஊர்க் கல்யாணத்தில் அடுக்களைப் பக்கம் திரும்பியவளை இரண்டு பெண்கள் கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் பாயின் தலைமாட்டில் உட்கார வைத்தார்கள். வயதில் மூத்தவள் வந்ததால் வசெமாதா ஓர் இடம் கீழே நகர வேண்டியதாயிற்று. நகர்ந்தாள், முகத்தைக் கடல்நண்டு மாதிரி வைத்துக்கொண்டு. மீன் தலை மிலியாகெரேவின் தட்டுக்கு வந்தது. அவள் மெல்ல அதன் கண்ணை உறிஞ்சிவிட்டு, "ஏ பொண்ணே, கீரைக் குழம்பு கொஞ்சம்" என்று வாசல் பக்கம் பார்த்துச் சொன்னாள். சொன்னதும் உடம்பெல்லாம் குளிர்ந்தது.

வீட்டில்தான் விஷயம் வேறு மாதிரிப் போனது.

சாகியுசா மாறிவிட்டான். கவா இல்லாததால் சாயங்காலமே வீட்டில் இருந்தான். சொல்லாமலே விறகு பிளந்தான். அவள் உட்கார்ந்திருந்தால், பெரியவர்களைக் கடக்கிற மாதிரி குனிந்து கடந்து போனான். குழம்பில் உப்பு இல்லையென்றால் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருந்தது என்றான். அவள் வேண்டுமென்றே வம்புக்கு இழுத்துப் பார்த்தாள்; சரி, சரி என்றான். ஒரு நாள் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு போய் எதிர்ச்சுவர் ஓரமாக விரித்தான். ஏன் என்று கேட்டதற்கு, தான் குறட்டை விடுவதாகவும் அவள் நன்றாகத் தூங்கட்டும் என்றும் சொன்னான். இத்தனை வருஷம் குறட்டை விடாதவனா அவன்? கடற்கரையில் வலை காயப்போடும் ஆண்கள் அவனைப் பார்த்து, வீட்டில் அம்மா சௌக்கியமா என்று கேட்கிறார்கள் என்று டோரிகா வந்து சொன்னாள். அவர்கள் எல்லோரும் முறைக்காரர்கள். கேட்க உரிமை உள்ளவர்கள்.

அதற்கு மறுநாள் காலை அவன் தேநீர் போட்டுக்கொண்டு வந்தான். முட்டி மடக்கி உட்கார்ந்து, கோப்பையை இரண்டு கையாலும் நீட்டி, "அம்மா, டீ" என்றான்.

அவன் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு, மரவள்ளிக்கு மண் அணைக்க வேண்டும் என்று ஏதோ சொல்லி வெளியே ஓடினான். மிலியாகெரே ஆறிப்போகிறவரை அந்தத் தேநீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமியார் தங்கச்சி என்றுதான் சொன்னாள். இவன் பதவி உயர்வே கொடுத்துவிட்டான். பாயின் தலைமாட்டில் இடம் கிடைத்தது, சரி. அந்த இடத்துக்குப் புருஷனையா விலையாகக் கொடுக்க வேண்டும்? அவளுக்குக் கோபம் வந்தது, கோபத்துக்கு அடியில் அழுகையும் வந்தது.

டோரிகாவிடம் போய்ச் சொன்னாள். டோரிகா கேலி செய்யவில்லை, அது ஒன்றே நிலைமை எவ்வளவு மோசம் என்று காட்டியது. "இதுல யோசிக்க என்ன இருக்கு மதினி? நூறு முடியட்டும், நானே சுவாவுலேர்ந்து ஒரு புட்டி வாங்கியாறேன். பாய் வேணுமா, புருஷன் வேணுமா? ரெண்டும் ஒரே தலையில நிக்காது" என்றாள். மிலியாகெரே வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு பையன் அவள் கையிலிருந்த கிழங்குக் கூடையை வாங்கிக்கொண்டு பின்னால் நடந்தான். இந்த மரியாதையையும் விட மனசில்லை, சாகியுசாவையும் விட மனசில்லை.

நூறாவது நாள் விருந்து. மண்ணடுப்பில் காலையிலேயே பன்றியும் சேப்பங்கிழங்கும் புதைத்தாயிற்று. எல்லோரும் துக்கத்துக்குக் கட்டிய கறுப்புத் துணியைக் களைந்து பூப்போட்ட புதுத் துணி உடுத்தினார்கள். மதியம் எபராமா ஒவ்வொருவரையும் அழைத்து, விட்ட பொருளை அவர்கள் முன் வைத்து நோன்பை அவிழ்த்தார். சாகியுசாவுக்குச் சிரட்டை நிறையக் கவா. ஒரே மடக்கில் குடித்தான், கூட்டம் கைதட்டியது. காலிவாதிக்குச் சர்க்கரை, மூன்று கரண்டி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு டாக்டருக்குத் தெரியாது என்று கண்ணடித்தான். தோட்டக்காரனிடம் மண்வெட்டியைக் கொடுத்தார்கள். அவன் அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்று பார்த்தான்.

கடைசியில் டோரிகா வந்தாள். மரப்பட்டைத் துணி விரித்த தாம்பாளத்தில் சாயப் புட்டியை நடுவாக வைத்து, அரசருக்குக் காணிக்கையாகத் திமிங்கிலப் பல் கொண்டுபோகிற மாதிரி முழங்காலால் நகர்ந்து வந்து பாயின் தலைமாட்டில் வைத்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை, அத்தனை பேரும் கன்னத்தை உள்பக்கமாகக் கடித்துக்கொண்டிருந்தார்கள். எபராமா, மருமகளே, எடுத்துக்கொள், உன் கறுப்பு உனக்கே என்றார்.

அந்த நேரம் பார்த்து சாகியுசா பெரியவர்களுக்கான தட்டோடு வந்தான். மிலியாகெரேவின் முன்னால் தலை குனிந்து குந்தி, தட்டை வைத்து, அப்படியே பின்பக்கமாக நகர்ந்தான்.

"எங்க போற?" என்றாள்.

"அங்க, ஆம்பளைங்களோட."

"இங்க உக்காரு."

"சரிம்மா" என்றான்.

கூடம் முழுக்கக் கேட்டது. வலைக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். வசெமாதா விசிறியால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பு அடங்கியதும் மிலியாகெரே அவனைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "சாகியுசா, உங்கம்மாவப் புதைச்சாச்சு. நானும் ஒரு பிடி மண்ணு போட்டேன். இனிமே அவள என் தலையில தேடாத."

சிரித்தவர்கள் வாயை மூடினார்கள். சாகியுசா, அம்மா செத்தபோதுகூட அழாதவன், அப்போதும் அழவில்லை, ஆனால் குரல் கம்மிவிட்டது.

"தேடல மிலி. பயமா இருக்கு. கறுப்பா இருந்த வரைக்கும் உனக்கு வயசாகும்னே எனக்குத் தோணல. வெள்ளையப் பாத்ததும், நீயும் இப்படித்தான் ஒரு நாள் போயிடுவேன்னு... அதான். சத்தமா பேசவே பயமா இருக்கு."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. ஏழு வயது மூத்தவள். கட்டின நாளிலிருந்து ஊரே எண்ணிக்கொண்டிருந்த அந்த ஏழு வருஷத்தை இவன் ஒருவன்தான் எண்ணாமல் இருந்திருக்கிறான். எண்ணவிடாமல் புட்டி புட்டியாக ஊற்றி வைத்திருந்தது அவள்தான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டோரிகா தாம்பாளத்திலிருந்து கையை இன்னும் எடுக்கவில்லை.

மிலியாகெரே புட்டியை எடுத்தாள். சாகியுசாவின் கையை இழுத்து அதில் வைத்தாள். "இத நீ வச்சுக்க. உன் காதுப் பக்கமும் வெளுத்துட்டுதான் வருது, பாக்கல நீ. பயம் வந்தா அங்க பூசிக்க. எனக்கு வேணாம்." பெரியவர் பக்கம் திரும்பி, நூறு ராத்திரி தனக்குப் போதவில்லை, இது இப்படியே இருக்கட்டும் என்றாள். எபராமா, என்ன கேட்டதோ, மூன்று தட்டுத் தட்டினார்.

"நான் போயிடுவேன்னு நீ ஒண்ணும் கவலப்படாத. உன்னப் புதைச்சுட்டுதான் போவேன். அந்த நூறு ராத்திரிக்கு எத விடணும்னு இப்பவே முடிவு பண்ணிட்டேன்" என்றாள்.

"எத?"

"அழுகைய."

சாகியுசா புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தான். பிறகு, நூறு ராத்திரியாக எங்கே வைத்திருந்தானோ அந்தப் பழைய குரலில், கூடத்துக்கே கேட்கும்படி சொன்னான்: "கிழவிக்கு வாய் மட்டும் நரைக்கவேயில்ல."

மிலியாகெரே பாயில் கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.